‘அமெரிக்கன் பியூட்டி’யைக் கரோலின் பக்கத்திலிருந்து பார்ப்பது எப்படி

இந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது திருச்சியில், 2000-ல். அந்த மார்ச்சில்தான் சிறந்த படம், இயக்குநர், நடிகர், திரைக்கதை, ஒளிப்பதிவு என்று ஐந்து ஆஸ்கர் வாங்கியிருந்தது. அண்ணன் எங்கிருந்தோ வாடகைக்கு எடுத்துவந்த சிடி. இரண்டாவது தட்டு பாதியில் திக்கித் திக்கி ஓடியது. எனக்கு 22 வயது. வேலையை உதறித் தள்ளிவிட்டு, சிவப்புக் கார் வாங்கி, கராஜில் பளு தூக்கும் லெஸ்டர்தான் எங்கள் ஹீரோ. அவன் மனைவி கரோலின் ஒரு சிடுமூஞ்சி. “இவளோட எப்படித்தான் இத்தனை வருஷம் குப்பை கொட்டினானோ” என்று அண்ணன் சொல்ல, நானும் சிரித்தேன்.

இப்போது எனக்கு 47. டாலஸ் பக்கம் ஒரு புறநகரில் வீடு விற்கிறேன். 180 மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்து, பரீட்சை எழுதி, டெக்சஸ் லைசென்ஸ் வாங்கி எட்டு வருஷம் ஆகிறது. லைசென்ஸ் வாங்கிய பிறகு இந்தப் படத்தை நாலு தடவை பார்த்துவிட்டேன். திருச்சியில் பார்த்த படம் இது இல்லை. கரோலினும் வீடு விற்பவள் என்பது அப்போது என் கண்ணிலேயே படவில்லை.

நாற்பதைத் தாண்டியவர்கள், அதுவும் கல்யாணமாகி ஒரே கூரையின் கீழ் பதினைந்து இருபது வருஷம் ஆனவர்கள், இதை எப்படிப் பார்க்கலாம் என்று சொல்லத்தான் இது. எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். லெஸ்டரை விட்டுவிட்டுக் கரோலின் பக்கத்து நாற்காலியில் போய் உட்காருங்கள்.

அதற்கு முன் சில ஏற்பாடுகள். படம் இரண்டு மணி நேரம், இரண்டு நிமிடம். பிள்ளைகள் வீட்டில் இருக்கும் ஞாயிறு மதியம் ஹாலில் போட்டுவிடாதீர்கள். ஆரம்பித்துச் சில நிமிடங்களிலேயே குளியலறைக் காட்சி ஒன்று வரும், ரிமோட்டைத் தேடுவீர்கள். ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள். எங்களைப் போல இருபது வருஷம் இங்கே இருப்பவர்களுக்கும் அது வேண்டும். இந்தக் குடும்பம் ஒருவரை ஒருவர் குத்துவதெல்லாம் முணுமுணுப்பில்தான் நடக்கிறது. அப்புறம், கணவன் மனைவி சண்டை போட்ட ராத்திரியில் மட்டும் வேண்டாம். ஆளுக்கொரு தடவை தனித்தனியாகப் பார்த்துவிட்டு, பிறகு சேர்ந்து பாருங்கள்.

முடிவைச் சொல்லிவிடுவேனோ என்று கவலைப்பட வேண்டாம். தனக்கு 42 வயது, ஒரு வருஷத்துக்குள் செத்துவிடுவேன் என்று லெஸ்டரே தொடக்கத்தில் சொல்லிவிடுகிறான். சுட்டது யார் என்பதை மட்டும் நான் சொல்லப் போவதில்லை.

கதை தெரியாதவர்களுக்கு நாலு வரி. லெஸ்டர் பர்ன்ஹம் ஒரு பத்திரிகையின் விளம்பரப் பிரிவில் வேலை பார்க்கிறான். மனைவி கரோலின், மகள் ஜேன். அழகான வீடு, சிவப்புக் கதவு, வாசலில் ரோஜா. மூன்று பேரும் ஒருவரோடு ஒருவர் பேசிப் பல காலம் ஆகிறது. லெஸ்டர் மகளின் தோழி ஏஞ்சலாவைப் பார்த்துக் கிறங்குகிறான், வேலையை விடுகிறான். கரோலின், ஊரிலேயே பெரிய ரியல் எஸ்டேட் ஆளான பட்டி கேனோடு பழக ஆரம்பிக்கிறாள். ஜேன் பக்கத்து வீட்டு ரிக்கியோடு. ரிக்கியின் அப்பா அமெரிக்க மரைன் படையில் இருந்த கர்னல். கை நீட்டுகிற ஆள். எழுதியது ஆலன் பால். அதுவரை டிவி நகைச்சுவைத் தொடர்களுக்கு எழுதிக்கொண்டிருந்தவர். இயக்கியது சாம் மெண்டஸ். லண்டன் நாடகக்காரர், அவருக்கு இது முதல் சினிமா. சுமார் 1.5 கோடி டாலரில் எடுத்து, உலகம் முழுக்க 35 கோடிக்கு மேல் வசூலித்த படம்.

சரி, இனி நாற்காலியை நகர்த்துவோம்.

முதலில் பார்க்க வேண்டியது ரோஜாச் செடி. கரோலின் வாசலில் பூ வெட்டுகிறாள். அவள் கையிலிருக்கும் கத்தரிக்கோலின் பிடியும் காலில் போட்டிருக்கும் தோட்டச் செருப்பும் ஒரே நிறம், அது தற்செயல் இல்லை என்று லெஸ்டர் பின்னணியில் கிண்டலடிக்கிறான். தியேட்டரே சிரிக்கும் இடம். நீங்கள் அடுத்த வசனத்தைக் கேளுங்கள். பூ இவ்வளவு செழிப்பாக வருகிறதே, என்ன போடுகிறாய் என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிறார். முட்டை ஓடும் உரமும் என்கிறாள். மாடியில் பிளாஸ்டிக் பக்கெட்டில் ரோஜா வளர்த்த என் அம்மாவும் முட்டை ஓட்டைத்தான் நசுக்கிப் போடுவாள். அந்த வீட்டிலேயே தன் கையால் ஒன்றை வளர்த்து வைத்திருப்பவள் கரோலின் ஒருத்திதான். படத்தின் பெயரும் ஒரு ரோஜாவின் பெயர். 1875-ல் பிரான்ஸில் உருவாக்கிய ரகத்தை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து வேறு பெயர் வைத்து விற்றார்கள். இன்று வாஷிங்டன் நகரத்தின் அதிகாரபூர்வப் பூவும் அதுதான். பெயரை மாற்றினால் விலை ஏறும் என்பது எங்கள் தொழிலிலும் உண்டு. ‘சின்ன வீடு’ என்று எழுத மாட்டோம், ‘கச்சிதமான’ என்று எழுதுவோம்.

அடுத்தது ஓப்பன் ஹவுஸ், அதாவது விற்க வேண்டிய வீட்டை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கத் திறந்து வைக்கும் நாள். படத்தில் வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள். இரண்டு தடவை பாருங்கள்.

விற்க வேண்டிய வீட்டுக்குக் கரோலின் காலையிலேயே வருகிறாள். இன்றைக்கு இந்த வீட்டை விற்றே தீருவேன் என்று தனக்குத்தானே மந்திரம் மாதிரிச் சொல்லிக்கொள்கிறாள். அழுக்காகக் கூடாதென்று மேல் உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்பாவாடையோடு வேலையில் இறங்குகிறாள். சமையல் மேடையைத் தேய்க்கிறாள், கண்ணாடிக் கதவைத் துடைக்கிறாள், வேக்வம் போடுகிறாள். முதல் தடவை பார்க்கும்போது இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். தொழிலில் இருப்பவர்களுக்கு இது வெறும் சனிக்கிழமைக் காலை. நானும் செய்திருக்கிறேன். கார்பெட்டில் வேக்வம் போட்ட கோடு அழியக் கூடாது என்பதற்காகப் பின்பக்கமாகவே நடந்து அறையை விட்டு வெளியே வருவேன். நம்மூர்க்காரர்கள் வீடு என்றால், இரண்டு நாள் தாளிக்காதீர்கள் என்று கெஞ்சுவேன். பெருங்காய வாசனை போக, காலையில் ஒரு சட்டியில் பட்டையும் ஆரஞ்சுத் தோலும் போட்டுக் கொதிக்கவிடுவேன்.

பிறகு ஆட்கள் வருகிறார்கள். ஒவ்வொருவரிடமும் கரோலினின் சிரிப்பு எப்படி மாறுகிறது என்று பாருங்கள். கடைசியாக நீச்சல் குளத்தருகே இரண்டு பெண்கள். விளம்பரத்தில் ஏதோ இயற்கைத் தடாகம் மாதிரி என்று போட்டிருந்தீர்களே, இங்கே பூச்சியைத் தவிர அப்படி ஒன்றையும் காணோமே, இது சிமென்ட் குழி என்கிறார்கள். விட்டுக்கொடுக்க மாட்டாள் அவள். கராஜில் தீப்பந்தங்கள் இருக்கின்றன, ஏற்றி வைக்கலாம் என்கிறாள். அந்த இடத்தில் படத்தை நிறுத்துங்கள். அவள் முகத்தை ஒரு நிமிடம் பாருங்கள். விற்கவே முடியாத ஒரு பொருளின் முன்னால் நின்றுகொண்டு, கடைசியாகக் கையில் இருந்ததையும் நீட்டிவிட்ட முகம் அது.

எல்லோரும் போனதும் ஜன்னல் திரைப் பட்டைகளை இழுத்து மூடிவிட்டு அழுகிறாள். உடனே தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்கிறாள். அழாதே, வாயை மூடு என்று. பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு வெளியே போகிறாள்.

ஊரில் மாதச் சம்பளம் வாங்குபவர்களுக்கு இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த வீடு போகாவிட்டால் கரோலினுக்கு ஒரு சல்லிக்காசு கிடையாது. கமிஷன்தான், அதுவும் விற்ற பிறகுதான். வழக்கமாக விற்கும் பக்கத்துக்கு விலையில் மூன்று சதவீதம் அளவில் வரும். அதிலும் ஒரு பங்கு, அவள் யாருக்குக் கீழே வேலை செய்கிறாளோ அந்தப் புரோக்கருக்குப் போய்விடும். விளம்பரச் செலவு, பெட்ரோல், காலையில் தேய்த்த தேய்ப்பு எல்லாம் அவள் கணக்கு. விற்பதற்கென்று நான் எடுத்த முதல் வீட்டில் ஆறு வாரம் ஓப்பன் ஹவுஸ் வைத்தேன். ஆறாவது வாரம் ஒருவர் வந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, நான் சும்மா பக்கத்துத் தெரு, உள்ளே எப்படி இருக்கும் என்று பார்க்க வந்தேன் என்றார். கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். என்னை நானே அறைந்துகொள்ளவில்லை; அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தக் காட்சியில் நடித்த அனெட் பெனிங்குக்கு ஆஸ்கர் பரிந்துரையோடு சரி. விருது லெஸ்டராக நடித்தவருக்கு.

சாப்பாட்டு மேஜைக்கு வருவோம். சேர்ந்து பார்க்கும்போது இதைப் பாருங்கள். நீள மேஜை, இரண்டு கோடியிலும் கணவனும் மனைவியும், நடுவில் மகள். மெழுகுவர்த்தி, ரோஜா, பின்னணியில் மெல்லிய இசை. கேமரா மெதுவாக, மிக மெதுவாக உள்ளே போகும். ஒளிப்பதிவு கான்ராட் ஹால். அப்போதே எழுபதைத் தாண்டியவர். மூன்று பேரையும் ஒரே சட்டத்துக்குள் எவ்வளவு தூரத்தில் வைத்திருக்கிறார் என்பதை மட்டும் கவனித்தால் போதும், வசனமே வேண்டாம்.

இரண்டாவது மேஜைக் காட்சியில்தான் லெஸ்டர் தட்டைத் தூக்கிச் சுவரில் அடிக்கிறான். ஆஸ்பராகஸ் என்ற காயைத் தள்ளச் சொல்லிக் கேட்டான், யாரும் காதில் வாங்கவில்லை. திருச்சியில் கைதட்டிய இடம் இது. இப்போது ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். லெஸ்டர் மேலாளரை மிரட்டி ஒரு வருஷச் சம்பளத்தை, கிட்டத்தட்ட 60,000 டாலரை, வாங்கிக்கொண்டு வெளியே வந்தான். பின்னால் 1970 மாடல் ஃபயர்பேர்ட் கார் வாங்குவான். அதற்கு முன்பே ஒரு பர்கர் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். பொறுப்பே இல்லாத வேலையாகத் தேடிப் பிடிக்கிறான். அப்படியானால் வீட்டுக் கடன் தவணையை யார் கட்டுவது? அதைத்தான் கரோலின் அந்த மேஜையில் கேட்கிறாள். சம்பாதிக்கிற ஒரே ஆளாக என்னை நிறுத்திவிட்டாயே என்கிறாள். அந்தக் கேள்விக்குப் பதில் பறக்கிற தட்டுதான்.

அதோடு எழுந்துவிடாதீர்கள். அடுத்து கரோலின் மகளின் அறைக்குப் போகிறாள், பேச்சு முற்றுகிறது, கன்னத்தில் அறைகிறாள். அந்தச் சண்டையில் அவள் சொல்வது: உன் வயதில் நான் டூப்ளக்ஸில் இருந்தேன், எங்களுக்கென்று ஒரு தனி வீடுகூடக் கிடையாது. டூப்ளக்ஸ் என்றால் ஒரே கட்டடத்தை நடுவில் சுவர் வைத்து இரண்டு குடித்தனம் ஆக்குவது. சுவருக்கு அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். கரோலின் எங்கிருந்து வந்தாள் என்பதற்குப் படம் தரும் தகவலில் முக்கியமானது இது ஒன்றுதான். ரோஜா, மெழுகுவர்த்தி, ஒரே நிறச் செருப்பு எல்லாவற்றையும் இந்த வரிக்குப் பிறகு மறுபடி நினைத்துப் பாருங்கள். அறைந்தது சரி என்று நான் சொல்லவில்லை.

சோபா காட்சி. அதைப் பற்றி எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். படத்தில் பகல் நேரம், வீட்டில் யாரும் இல்லை. லெஸ்டர் மனைவியிடம் கனிவாகப் பேச ஆரம்பிக்கிறான். காலேஜ் நாட்களில் நீ எப்படிக் கலகலவென்று இருப்பாய், அந்தப் பெண் எங்கே போனாள் என்கிறான். கரோலினும் இளகுகிறாள். இருவரும் நெருங்கும் நேரத்தில், சோபாவில் பீர் சிந்திவிடும் என்கிறாள். போச்சு. அது இத்தாலியப் பட்டு போர்த்திய 4,000 டாலர் சோபா. வெறும் சோபாதானே என்று அவன் கத்துகிறான். வாழ்க்கையைவிடப் பொருள் பெரிதாகிவிட்டது என்று எல்லோரும் இந்தக் காட்சிக்கு விளக்கம் எழுதுவார்கள்.

எங்கள் வீட்டில் கிரீம் கலர் சோபா வாங்கி ஐந்து வருஷம் அதன் மேல் பெட்ஷீட் போட்டு வைத்திருந்தேன். விருந்தாளி வரும்போது எடுப்பேன், போனதும் போட்டுவிடுவேன். இந்தக் காட்சியைப் பார்க்கும்போது வீட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“சோபாதானே?” என்றார்.

“ஏங்க, சாம்பார் கொட்டினா தேய்க்கறது யாரு?”

பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “அவளும் அதைச் சொல்லியிருக்கலாம்” என்றார். படத்தில் கரோலின் அதைச் சொல்லவில்லை. ஆலன் பால் அவளுக்கு அந்த வசனத்தை எழுதவில்லை. நானாக இருந்தால் எழுதியிருப்பேன். ஆனாலும் லெஸ்டர் கேட்டது நியாயமான கேள்வி, அந்தப் பெண் எங்கே போனாள் என்பது. அன்று ராத்திரி பெட்ஷீட்டை எடுத்துவிட்டேன். மறுநாள் மறுபடி போட்டேன் என்பது வேறு விஷயம்.

கரோலின் பக்கத்தில் உட்கார்ந்த பிறகு கண்ணில் படும் இன்னொருத்தி, கர்னலின் மனைவி பார்பரா. அலிசன் ஜானி நடித்தது. மொத்தமே சில நிமிடங்கள்தான் வருவாள், பேசுவதும் சில வார்த்தைகள். ஜேன் வீட்டுக்கு வரும்போது, வீடு இப்படிக் கிடக்கிறதே, மன்னித்துக்கொள் என்கிறாள். வீட்டில் ஒரு தூசி இல்லை. இந்த மாதிரி வீடுகளுக்குள் நான் போயிருக்கிறேன். கணவர் வாசலில் நின்று சதுர அடிக் கணக்குச் சொல்லிக்கொண்டிருப்பார், மனைவி பளபளக்கும் அடுப்படியைக் காட்டி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பார். எதற்கென்று நான் கேட்பதில்லை.

மூன்றாவது தடவை பார்க்க நேரமிருந்தால் சத்தத்தை அணைத்துவிட்டுச் சிவப்பை மட்டும் பின்தொடருங்கள். கதவு, ரோஜா, லெஸ்டரின் கனவில் கொட்டும் இதழ்கள், கார், கடைசியில் வெள்ளை மேஜையில் பரவும் ரத்தம். மற்றதெல்லாம் வெளிறிய நிறம். அலுவலகத்தில் லெஸ்டரின் முகம் கணினித் திரையில் தெரியும்போது, எண் வரிசைகள் ஜெயில் கம்பி போல விழும், அதையும் பிடியுங்கள். அந்தத் தெரு எந்த ஊர் என்று தேட வேண்டாம், கலிபோர்னியாவின் பர்பேங்கில் ஸ்டூடியோ போட்டு வைத்திருந்த தெரு அது. முதல் காட்சியில் ஜேன் வீடியோவில், அப்பாவைக் கொல்ல யாராவது வேண்டும் என்பது போலப் பேசுவது ஏன் என்று குழம்பினால், அதற்கும் காரணம் உண்டு. முதலில் எழுதிய கதையில் கொலை வழக்கும் நீதிமன்றமும் இருந்தன. படமும் பிடித்தார்கள், எடிட்டிங்கில் மெண்டஸ் வெட்டிவிட்டார். அந்த வீடியோத் துண்டு மட்டும் தங்கிவிட்டது.

காற்றில் ஆடும் பிளாஸ்டிக் பை பிரபலமான காட்சி. பிடித்தால் பாருங்கள். எங்கள் வீட்டுக்காரர் அந்த நேரத்தில் டீ போடப் போய்விடுவார்.

எனக்கு ஒத்துக்கொள்ளாத பகுதியையும் சொல்ல வேண்டும். ஏஞ்சலா பள்ளிக்கூடப் பெண். அவளை லெஸ்டர் பார்க்கும் பார்வையைப் படம் கிண்டலடிக்கிறது, ஆனால் கேமராவும் அதே பார்வையைத்தான் பார்க்கிறது. கடைசியில் அவன் நிதானத்துக்கு வந்து, போர்வை போர்த்திவிடுகிறான். அதற்காகப் படம் அவனைக் கிட்டத்தட்ட மகான் ஆக்கிவிடுகிறது. பதினாறு வயது மகள் வீட்டில் இருக்கும் எனக்கு அது தொண்டையில் நிற்கிறது. லெஸ்டராக நடித்த கெவின் ஸ்பேசி மீது 2017-ல் பாலியல் அத்துமீறல் புகார்கள் வந்தன. 2022-ல் நியூயார்க் சிவில் வழக்கிலும் 2023-ல் லண்டன் குற்ற வழக்கிலும் நடுவர்கள் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். ஆனாலும் பலருக்கு இந்தப் படத்தைப் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை. உங்களாலும் முடியவில்லை என்றால் பாதியில் நிறுத்திவிடுங்கள். ஓப்பன் ஹவுஸ் அதற்குள் வந்துவிடும்.

சேர்ந்து பார்த்து முடித்தபின் என்ன பேசுவது? “நான் அந்த மாதிரியா?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்விக்கு எந்தப் பதிலும் நல்ல பதில் இல்லை. கதாபாத்திரங்களைப் பற்றியே பேசுங்கள். அவர்கள் இருவரும் கடைசியாகச் சேர்ந்து சிரித்தது எப்போது இருக்கும் என்று நான் கேட்டேன். அவர் யோசித்து, ஜேன் பிறப்பதற்கு முன் என்றார். எனக்கென்னவோ அந்த வீட்டை வாங்கிய அன்று என்று தோன்றியது. இதிலேயே அரை மணி நேரம் போனது, சண்டை வரவில்லை.

கடைசியாக ஒன்று. வெடிச் சத்தம் கேட்டதும் கதை முடிந்தது என்று டிவியை அணைத்துவிடாதீர்கள். லெஸ்டரின் குரல் பின்னணியில் அழகான வார்த்தைகளாகப் பேசிக்கொண்டிருக்கும். அதைக் கேட்காவிட்டாலும் பரவாயில்லை. கரோலின் மழையில் நனைந்து வீட்டுக்கு வருகிறாள். மாடியில் துணி அறைக்குள் போய், தொங்கிக்கொண்டிருக்கும் அவனுடைய சட்டைகளை மொத்தமாகக் கட்டிக்கொண்டு அப்படியே சரிகிறாள். சில நொடிகள்தான். கண் இமைத்தால் போய்விடும்.

வீடு விற்க வருபவர்கள் எல்லோரிடமும் நான் சொல்லும் ஒரு பாடம் உண்டு. துணி அறையில் பாதியைக் காலி செய்யுங்கள், அப்போதுதான் பெரிதாகத் தெரியும். போன இலையுதிர் காலத்தில் கணவரை இழந்த ஒரு அம்மா வீட்டை விற்கக் கூப்பிட்டார். துணி அறையில் இடது பக்கம் முழுக்க அவருடைய சட்டைகள், இஸ்திரி மடிப்போடு. வழக்கமான பாடத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன். பிறகு, இந்தப் பக்கம் அப்படியே இருக்கட்டும், உங்கள் துணியில் கொஞ்சம் எடுத்துவிடலாம் என்றேன். அறை சின்னதாகத்தான் தெரிந்தது. படம் எடுக்க வந்த பையனிடம் வாசல் பக்கத்திலிருந்து எடுக்கச் சொன்னேன்.